நூற்றைம்பதாவது ஆள்

மூன்றாம் முறையும் எண்ணிப் பார்த்தார் சிவராசா. நூற்று நாற்பத்தொன்பதுதான் வந்தது.

"எண்ணிறதெண்டா ஒழுங்கா எண்ணுங்கோ," என்றாள் மனைவி கௌரி, வேலைக்குப் போகக் காலில் சப்பாத்தைக் கொழுவியபடி.

"உமக்கு இதிலை என்ன தெரியும்? வேலைக்கு நேரமாச்சு, போம்."

நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள். சென்ட் லோரன்ட் பகுதிப் பக்டரிகளில் மருந்துப் போத்தலுக்கு மூடி போட்டும், ஆஸ்பத்திரித் தரை துடைத்தும், புலம்பெயர்ந்து வந்த நம் சனம் பங்கு பங்காகப் போட்டு, ஒரு ட்ரஸ்டாக வாங்கியவை. பதினெட்டு வருடமாக அதற்கு அவர்தான் செயலாளர். சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். ஆனாலும் அந்தக் கட்டடங்களைப் பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு நிமிரும். என்ன சனமடா இது என்று வாய்விட்டே சொல்லுவார்.

ட்ரஸ்டின் கணக்காளர் ரமா, சென்னைக்காரி. அக்டோபரில் போன் எடுத்திருந்தாள்.

"பங்குதாரங்க நூத்தம்பது பேருக்குக் குறையக் கூடாது சார். குறைஞ்சா நம்ம ட்ரஸ்டோட சிறப்பு அந்தஸ்து போயிடும். ஓய்வுக்காலக் கணக்குல பங்கு வச்சிருக்கிறவங்க அபராத வரி கட்டணும், ட்ரஸ்டுக்கும் தனியா வரி வரும். ஒரு கட்டடத்தை வித்தாத்தான் சமாளிக்க முடியும். உங்க பதிவேட்டுல எண்ணிக்கை சரியா இருக்கில்ல?"

"ஓம், ஓம். அதெல்லாம் சரியாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டுத்தான் பதிவேடாக வைத்திருந்த நீலக் கொப்பியைத் திறந்தார். ஊரில் கலியாணக் கார்டுக்கு எழுதுவது போல, 'திரு. பத்திநாதர் குடும்பம்', 'திரு. விதுர்சன்' என்று முத்து முத்தான கையெழுத்து. போன மாதம், தனியாக இருந்த சிவமலர் மகன் வீட்டோடு போனபோது அவருடைய பெயரை வெட்டியது சிவராசாவேதான். இப்போது ரமாவிடம் போய் எப்படிச் சொல்வது?

ஓர் ஆள்தானே, பிடித்துவிடலாம் என்று கிளம்பினார். நிருஷா என்ற தாதி அகப்பட்டாள். அவளுக்குப் படிவங்களை விளங்கப்படுத்த, விமானக் கம்பனியில் வேலை செய்யும் விதுர்சனை அனுப்பினார். அவள் கையெழுத்து வைத்தாள். நூற்றைம்பது! அன்று சிவராசா இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

ஐந்து கிழமை கழித்து விதுர்சன் லட்டுப் பெட்டியோடு வந்து நின்றான்.

"அண்ணை, எங்களுக்குக் கலியாண எழுத்து முடிஞ்சுது. எல்லாம் உங்கட புண்ணியம்!"

"ஆரோடை?"

"நிருஷாவோடைதான். அப்பா அம்மாவும் தங்கட வீட்டை விட்டிட்டு எங்களோடை வருகினம்."

கடித்த லட்டைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்தார் சிவராசா. மூன்று வீடு ஒரு வீடாகிவிட்டது. கொப்பியில் இரண்டு பெயரை வெட்டினார். நூற்று நாற்பத்தெட்டு.

அடுத்ததாகப் பத்திநாதரின் தம்பியிடம் போனார். அண்ணனும் தம்பியும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தம்பியின் சினேகிதர்களில் ஒருவரையாவது சேர்க்கலாம் என்பது திட்டம்.

"கட்டடத்தை விக்கப் போகினமோ?" விஷயத்தைக் கேட்டுத் தம்பி திடுக்கிட்டான். "அண்ணை ரெண்டு வேலை செய்து சேத்த காசெல்லோ அது! அவருக்குத் தெரியுமோ?"

அந்த இடத்திலேயே அண்ணனுக்குப் போன் எடுத்தான். பத்து நிமிடத்தில் பத்திநாதர் செருப்போடு பனியில் ஓடி வந்தார். அண்ணனும் தம்பியும் கட்டிப் பிடித்து அழுதார்கள். சிவராசாவும் அழுதார், உண்மையான சந்தோஷத்தில்.

"இனி என்ரை தம்பி என்னோடைதான் இருப்பான்," என்றார் பத்திநாதர்.

சிவராசா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனையை எடுத்தார். நூற்று நாற்பத்தேழு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான்.

டிசம்பர் முப்பதாம் திகதி ரமா மடிக்கணினியோடு கையெழுத்து வாங்க வந்தாள். கௌரிக்கு அன்று லீவு. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சிவராசாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "பிள்ளை, நான் பொய் சொல்லிப்போட்டன். நூற்று நாப்பத்தேழுதான் இருக்கு. பிழை முழுக்க என்னிலைதான். ஒரு கட்டடம் போகப்போகுது. அந்தச் சனத்தின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிப்பன்?"

ரமா திகைத்துப்போய்த் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"சார், என் லிஸ்ட்ல இருநூத்து எண்பத்தொன்பது பேர் இருக்காங்களே! ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வரிச் சீட்டு அனுப்பியிருக்கேன். அதுல ஒரு ஆள் கூடக் குறையலையே."

"இருநூற்று எண்பத்தொன்பதோ? மிச்சம் நூற்று நாப்பத்திரண்டு பேரும் ஆர்?"

கௌரி தேத்தண்ணிக் கோப்பையை நீலக் கொப்பியின் மேலேயே வைத்தாள்.

"நாங்கள், பொம்பிளையள்தான். பக்டரிச் சம்பளத்திலை எங்கட செக்கை நாங்களே எழுதினனாங்கள். நீங்கள்தான் பதினெட்டு வருசமா வீட்டை எண்ணிக்கொண்டு, வீட்டிலை இருக்கிற ஆளை எண்ணேல்லை."