எலியின் வாக்குமூலம்

செத்த எலிகளோடு பேசுகிறவர் வந்திருக்கிறார் என்றதும் ஊரிலுள்ள நாய்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் நோய் வந்துவிட்டது. மண்டப வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை வரிசை. நாய்கள் சங்கிலியில், சொந்தக்காரர்கள் பக்தியில்.

எலிமொழியார் என்று பெயர். வைத்துக்கொண்டவரும் அவரே. எலியைப் பிடித்த நாயின்மேல் அந்த எலியின் சாபம் ஏறுமாம். மூன்று நடை வந்தால் சமாதானம் பேசி இறக்குவார். அதுவரை ஊசி, மாத்திரை கூடாது. எலிக்குக் கோபம் வரும். எலிக்கு மன்னிப்பு போதும். பணக் கவர் எலிமொழியாருக்கு.

குடோன் காவலாளியின் நாய் ஓர் எலியை விழுங்கிவிட்டுச் சுருண்டது. முதல் நடைக்கு நடந்து வந்த நாய், இரண்டாம் நடைக்குத் தோளில் வந்தது. முன்னேற்றம்தான்.

"டாக்டர்கிட்ட போயிடலாங்க," என்றாள் மனைவி.

"சும்மா இரு. எலி காதுல விழும்."

எலிமொழியார் கண்ணை மூடினார். கீச்சென்றார். "அழுவுது," என்றார்.

"எப்படிச் செத்துச்சுன்னு கேளுங்களேன்," என்றாள் அவள்.

கீச். "துரத்திப் பிடிச்சு, கழுத்தைக் கடிச்சு உதறுச்சாம் உங்க நாய்."

"எத்தனை பல்லு பட்டுச்சாம்?"

கீச், கீச். "நாலு கோரைப்பல்லும் இறங்கிடுச்சும்மா. அந்த வலி இன்னும் தீரல."

அவள் குனிந்து நாயின் வாயைத் திறந்து காட்டினாள். பதினான்கு வயது நாய். ஒரு பல்கூட இல்லை.

"ரொட்டியையே ஊறவெச்சுத்தான் குடுக்கிறோம்."

வரிசை சிரித்தது. "லைன்ல வேற எலி வந்திருச்சு," என்றார் எலிமொழியார்.

காவலாளி சிரிக்கவில்லை. திறந்த வாயையே பார்த்தான். ஈறு வெளுத்திருந்தது, ஓரத்தில் ரத்தம் கசிந்தது. பல்லில்லாத கிழட்டு நாயிடம் மாட்டுகிற எலி எப்படிப்பட்ட எலி?

"குடோன்ல போன வாரம் எலி மருந்து வெச்சாங்க," என்றான் மெதுவாக. "நான்தான் பூட்டைத் திறந்துவிட்டேன்."

"அப்ப பாதி செத்த எலிதான் இதுகிட்ட சிக்கியிருக்கு. கிளம்புங்க," என்றாள் மனைவி.

நாயைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கால்நடை மருத்துவர் ரத்தம் உறைவதற்கு ஊசி போட்டார். விஷம் தின்ற எலியைத் தின்றால் நாய்க்குள்ளும் அதே விஷம்தான் என்றார். மூன்றாம் நடைவரை காத்திருந்தால் ஊசிக்கு வேலை இருந்திருக்காது என்றும் சொன்னார். நாய் பிழைத்தது.

மண்டபத்தில் பாதி வரிசை கலைந்தது. மீதிப் பாதி, இடம் கிடைத்ததென்று முன்னால் நகர்ந்தது. அவர்களுடைய எலி பொய் சொல்லாதாம்.

செத்த எலி பேசுவதை வரிசையில் நின்று கேட்கிறீர்கள். உயிரோடிருக்கிற நாயின் வாயை ஒரு தடவை திறந்து பார்த்தால் என்ன?