மாட்டுக் கொட்டகையில் நிற்கும் பந்தய மோட்டாரைப் பற்றி அண்ணனுக்கு

சேசு மரி சூசை துணை

வண்டிப்பெரியாறு,
மேல்மலைத் தோட்டம்,
1934 ஆவணி மாதம்

கம்பத்தில் இருக்கும் என் மரியாதைக்குரிய மூத்த அண்ணன் ஏசுரத்தினம் அவர்களுக்குத் தங்கை இருதயம்மாள் பணிந்து எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். மழை மட்டும் இன்னும் விட்டபாடில்லை. அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் புதிதாகக் கன்று போட்ட பசுவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இரண்டு வகுப்போடு நின்றவள் என்று உங்களுக்குத் தெரியும், எழுத்து முன்னே பின்னே இருந்தால் கோபித்துக்கொள்ளாமல் படிக்கவும்.

உங்கள் மாப்பிள்ளைக்கு வருஷப் பூசை நல்லபடியாக நடந்தது. சாமியார் பீர்மேட்டிலிருந்து குதிரையில் மழையோடு வந்து, கல்லறையை மந்திரித்து, எனக்கும் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் எழுதியபடியே செய்கிறேன் அண்ணா. வருஷம் முடிந்ததும் மோட்டாரை உத்தமபாளையத்து அரிசி மில் முதலாளிக்குக் கொடுத்துவிட்டு, லயத்து வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு உங்கள் வீட்டோடு வந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஒற்றைப் பொம்பளை மலையில் இருந்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். நியாயம்தான். பெரட்டில், அதாவது தினம் வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கிற புத்தகத்தில், என் பேரை வெட்டிவிடும்படி கங்காணியிடம் சொல்லியாகிவிட்டது. பேர் போனால் வீடும் போய்விடும், அதுவும் தெரிந்துதான் சொன்னேன். நீங்கள் அனுப்பிய வண்டிக்காரர் ராக்கப்பன் நேற்று வந்துவிட்டார். அம்மி, பானை, கோழிக்கூடு எல்லாம் அவர் வண்டியில் ஏற்றிக் கட்டியாகிவிட்டது. இந்தக் கடிதத்தையும் அவர் கையில்தான் கொடுக்கிறேன், நாங்கள் பின்னால் மோட்டாரில் வருவோம். மில் முதலாளி, மோட்டார் தன் காலில் மலை இறங்கி வந்தால்தான் வாங்குவேன் என்று சொன்னாராமே, அதற்கு நாங்கள் பட்ட பாட்டைத்தான் இனி எழுதுகிறேன்.

அந்த மோட்டாரை நீங்கள் பார்த்தது அடக்கத்துக்கு வந்தபோது, அப்போது அதற்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சீமையில் பந்தயம் ஓடின மோட்டார், கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம், மூக்கு நீளம். பழைய சின்னத்துரை அதைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் இறக்கிவிட்டு, தான் ஊருக்குப் போகும்போது டிரைவரான உங்கள் மாப்பிள்ளைக்கே கொடுத்துவிட்டுப் போனார். அவர் அதை மாட்டுக் கொட்டகையில் வைத்து ஞாயிற்றுக்கிழமை தோறும் தட்டிக்கொண்டிருந்தார், ஓடவில்லை, அதற்குள் காய்ச்சல் வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் போன பிறகு எனக்கு எது ரொம்பக் கஷ்டம் என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் சத்தம் இல்லாமல் இருப்பதுதான். உங்கள் கடிதம் வந்த ஞாயிறு ஆசீர்வாதம் வந்து சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினபோது அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

ஆசீர்வாதம் யாரென்றால் உங்கள் மாப்பிள்ளையின் சேக்காளி, தேயிலைப் பாக்டரியில் எஞ்சின் ஓட்டுகிறவர். மோட்டார் வேலை தெரியுமா தம்பி என்று கேட்டேன். "எஞ்சின்னா எஞ்சின்தான் மதினி. பாக்டரியில இருக்கது உக்காந்த எடத்துல ஓடுது, இது நடந்து ஓடுது, அம்புட்டுத்தான் வித்தியாசம்" என்றார். அந்த வித்தியாசம்தான் அண்ணா எங்களை இவ்வளவு நாள் இழுத்தடித்தது. எஞ்சினை முழுக்கக் கழற்றி வீட்டுக்குள் சாக்கை விரித்து, பாக்டரியில் கொழுந்து வாட்டப் பரப்புவது மாதிரி பரப்பிவிட்டார். நடக்க வழியில்லை. சின்னச் சாமான்கள் தொலைந்துபோகும் என்று என் சட்டிபானைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். என்னோடு இருக்கும் பெரிய நாத்தனார் செபமாலையம்மாளுக்குக் கண் மங்கல், அவர் அந்தச் சட்டியில் ஒன்றை எடுத்து அப்படியே ரசம் வைத்துவிட்டார். ரசத்தில் நாலைந்து மரையாணி கிடந்தது. ஆசீர்வாதம் அதைப் பார்த்து, "நல்லவேளை, இதத்தான் ரெண்டு நாளா தேடுறேன்" என்று கழுவி எடுத்துக்கொண்டு, ரசம் வேண்டாம் என்று மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

நாத்தனாருக்கு முதலில் இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஏண்டி, புருசன் செத்த வீட்டுல செபம் கேக்கணும். இங்க என்னன்னா கொல்லன் பட்டறை மாதிரி கெடக்கு" என்று திட்டுவார். ஆனால் முன் விளக்கு இரண்டும் களிம்பேறி இருக்கிறது என்று ஒருநாள் தானே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தார். சாயங்காலம் வரை தேய்த்து, மேலே இருந்த வெள்ளி மாதிரிப் பூச்சு முழுக்கப் போய்ப் பித்தளை வந்துவிட்டது. இப்போது மோட்டார் கோயில் குத்துவிளக்கு இரண்டைக் கட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. அன்றையிலிருந்து அவரும் எங்கள் கட்சி.

பின்பக்கம் மரம் உளுத்துப்போயிருந்தது. அதற்கு ஆசீர்வாதம் தேயிலைப் பெட்டிப் பலகையை வளைத்து அடித்தார். உறுதியாகத்தான் இருக்கிறது, ஆனால் பெட்டியின் தோட்டமுத்திரை இரண்டு பக்கமும் பளிச்சென்று தெரிகிறது, பாக்டரிக் கணக்கப்பிள்ளை வந்து, சரக்கு வெளியே போகச் சீட்டு எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார். உட்காரும் இடத்தில் பஞ்சு எலி தின்றுவிட்டதால், தேயிலை சலிக்கும்போது பறக்கிற தூள் பஞ்சைச் சாக்கில் அடைத்துத் தைத்துப் போட்டேன். அது என் யோசனைதான். மெத்தென்று இருந்தது. கூரை இல்லாத மோட்டார் என்பதை மறந்துவிட்டோம். போன ஞாயிறு பூசை முடிந்து வெள்ளை வேட்டியோடு வந்து ஆசீர்வாதம் மோட்டாரைக் கொட்டகைக்கு வெளியே தள்ளி அதில் உட்கார்ந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார், மழை பிடித்துக்கொண்டது, அவர் வேலை மும்முரத்தில் எழுந்திருக்கவில்லை. அவர் எழுந்தபோது வேட்டியின் பின்பக்கம் நல்ல கடுப்பத்தில் தேத்தண்ணி இறங்கியிருந்தது. நாத்தனார் மோந்து பார்த்துவிட்டு, "பாலும் சீனியும்தாண்டா பாக்கி" என்றார். அந்த வேட்டி இன்னும் வெளுக்கவில்லை, அதை இப்போது மோட்டார் துடைக்க வைத்திருக்கிறோம். இருக்கைக்கு வைக்கோல் மாற்றிவிட்டேன், மில் முதலாளி பயப்பட வேண்டாம்.

இதையெல்லாம் விடப் பெரியது கொம்பு விவகாரம். மோட்டார் ஊதியின் ரப்பர் உருண்டையும் எலிக்கே போயிருந்தது. பாக்டரிக்குப் புதுச் சங்கு வந்த பிறகு, காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடவும் சாயங்காலம் வேலை விடவும் ஊதுகிற பழைய பித்தளைக் கொம்பு சும்மா கிடந்தது. ஆசீர்வாதம் அதைக் கேட்டு வாங்கி வந்து, கொல்லன் துருத்தி ஒன்றைக் கால்மாட்டில் வைத்து, மிதித்தால் ஊதும்படி பண்ணினார். பண்ணினவர் சும்மா இருக்காமல் உச்சிப்பொழுதில் நன்றாக நீட்டி ஒரு மிதி மிதித்தார். புதுச் சங்குக்கு இங்கே யாருக்கும் இன்னும் காது பழகவில்லை அண்ணா. நீட்டி ஊதினால் வேலை விட்டாச்சு என்றுதான் இத்தனை வருஷமாக எங்கள் எல்லாருக்கும் பழக்கம். மலை முழுக்கக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு இறங்கிவிட்டார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரே கூட்டம், நிறுக்க ஆளில்லை. நானும் கொட்டகையில் பக்கத்தில் நின்று ஆசீர்வாதம் மிதித்ததைப் பார்த்தவள்தான், ஆனாலும் சத்தம் கேட்டதும் கூடையை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றுவிட்டேன். துரை குதிரையில் வந்தார். "யாரு ஊதுச்சு" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். கங்காணி என்னைப் பார்த்தார், நான் ஆசீர்வாதத்தைப் பார்த்தேன், ஆசீர்வாதம் மோட்டாரைக் காட்டினார். இன்னொரு தடவை அது ஊதினால் மோட்டாரை ஆற்றில் தள்ளுவேன் என்று துரை சொல்லிவிட்டுப் போனார். கொம்பைக் கழற்றியாகிவிட்டது. அதற்குப் பதிலாக நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, "ஓரம் போங்கடி" என்று கத்துவார். கொம்பை விடத் தூரம் கேட்கிறது.

மேலே முழுக்கப் பச்சைச் சாயம் அடித்திருக்கிறது, ஜன்னல் கதவுக்கு வாங்கி மிஞ்சியதுதான். எஞ்சின் மூடியைத் திறந்தால் உள்பக்கத்தில் மட்டும் சாயம் இல்லாமல் இருக்கும். அங்கேதான் உங்கள் மாப்பிள்ளை வேலை செய்யும்போது கையைத் துடைப்பார், அஞ்சு விரலும் தெரிகிறது. ஆசீர்வாதம் தூரிகையைக் கொண்டுபோனபோது நான் வேண்டாம் என்றேன், அவரும் மூடியைச் சாத்திவிட்டார். மில் முதலாளி பிற்பாடு என்ன செய்வாரோ அது அவர் இஷ்டம்.

முந்தாநாள் எஞ்சின் பிடித்தது அண்ணா. முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்றச் சுற்ற இருமிக்கொண்டே இருந்தது, திடீரென்று லயமே அதிரும்படி ஓட ஆரம்பித்துவிட்டது. ஆசீர்வாதம் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நாத்தனார் சிலுவை போட்டுக்கொண்டார். ஆகவே மோட்டார் ஓடுகிறது. ஆசீர்வாதம் ஓட்டிக்கொண்டு வருவார், நாத்தனாரும் நானும் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து வருகிறோம். மில் முதலாளியைத் தயாராக இருக்கச் சொல்லவும். அண்ணிக்குச் சிரமம் கொடுக்காமல் நாங்கள் பின்கட்டில் ஒதுங்கிக்கொள்வோம், என்ன வேலை சொன்னாலும் செய்வோம்.

அண்ணியை நான் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகளின் தலையில் என் கை வைத்ததாக நீங்கள் ஒரு தடவை கை வைக்கவும். செபமாலையம்மாள் உங்கள் எல்லாருக்காகவும் தினம் ஒரு ஐம்பத்துமூன்று மணிச் செபம் ஒப்புக்கொடுக்கிறார். மாதா உங்கள் வாசலில் காவல் நிற்கட்டும்.

உங்கள் வாக்கை மீறாத தங்கை,
இருதயம்மாள்

பின்குறிப்பு: அண்ணா, கடிதத்தை மடித்த பிறகு ஒன்று நடந்துவிட்டது. புறப்பட வேண்டிய நேரத்தில் எஞ்சின் பிடிக்கவில்லை. சரிவில் தள்ளினால் பிடிக்கும் என்றார் ஆசீர்வாதம். அவரும் ராக்கப்பனும் பின்னால் தள்ளினார்கள், யாராவது மோட்டாரைத் திருப்புகிற வளையத்தைப் பிடிக்க வேண்டும் என்று என்னை உட்காரச் சொன்னார்கள். நாத்தனார் ஏற்கெனவே மூட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ராக்கப்பன் பழக்கதோஷத்தில் பின்பலகையில் ஒரு தட்டுத் தட்டி "ஹேய்" என்றார், அந்த நேரம் பார்த்து எஞ்சின் பிடித்துக்கொண்டது. தன்னால்தான் ஓடியது என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தள்ளினவர்கள் பின்னால் நின்றுவிட்டார்கள், மோட்டார் நிற்கவில்லை. எதை மிதித்தால் நிற்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆட்டுக்கல் குழவியைப் பிடிக்கிற மாதிரி வளையத்தைப் பிடித்துக்கொண்டேன், அது திரும்பின பக்கம் மோட்டாரும் திரும்பியது. நாத்தனார் அருள்நிறை மந்திரத்தையும் "ஓரம் போங்கடி"யையும் மாற்றி மாற்றிச் சொன்னார். கொழுந்துக் காட்டில் எல்லாரும் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். கோயில் மேட்டில் ஏற முடியாமல் அது தானாக நின்றது. நாத்தனார் முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு, "என்னடி, திருப்பிக் கொண்டுபோகத் தெரியுமா, இல்ல இப்படியே ஊருக்குப் போயிருவமா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை, அவரும் சிரித்தார், கோயில் வாசலில் உட்கார்ந்து இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தோம்.

அம்மியையும் பானைகளையும் இறக்கிவிட்டோம். பெரட்டில் பேர் இருக்கட்டும் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டேன், இன்னும் வெட்டவில்லையாம். ராக்கப்பன் வெறும் வண்டியோடு வருவார், கோபப்பட வேண்டாம். மில் முதலாளியிடம் மோட்டார் ஓடாது என்று சொல்லிவிடவும், மேலே எழுதியிருப்பதை அவருக்குக் காட்ட வேண்டாம். நீங்களும் அண்ணியும் அடுத்த ஞாயிறு குமுளி வரை வந்து சேருங்கள், அங்கேயிருந்து மோட்டாரில் நான் அழைத்து வருகிறேன். அண்ணி என் பக்கத்தில் உட்காரலாம், நீங்கள் பின்னால் பெட்டிப் பலகையில் உட்கார்ந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குள் நிறுத்துவதையும் சொல்லித் தருவதாக ஆசீர்வாதம் சொல்லியிருக்கிறார்.