எசென் தானே பார்த்து வாங்கிய டிராக்டர்

இந்த டிராக்டரையாவது தானே பார்த்து, தானே பேசி, தானே வாங்குவது என்று எசென் முடிவு செய்துவிட்டான். மாட்டுக் கொட்டகையில் மாட்டைத் தவிர வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து அதைச் சத்தம் போட்டே சொன்னான். மாடு மறுத்துப் பேசவில்லை. அதற்கே அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, பாவம்.

பின்னே என்ன? இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் தேர்ந்தெடுத்தது என்று அந்த வீட்டில் ஒரு சாமானைக் காட்டுங்கள் பார்ப்போம். நிலம் பார்த்தது அவன் மனைவி புருல். மாடு பார்த்தது புருல். அவன் தலையில் இருக்கும் கம்பளித் தொப்பிகூட அவள் தன் தலையில் வைத்து அளவு பார்த்து வாங்கியதுதான். காது வரை இறங்கும். காது கேட்கவில்லை என்று சொன்னால், "கேட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்பாள்.

டிராக்டர் வேண்டும் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. ஊருக்குப் பொதுவாக ஓடும் பெரிய டிராக்டர் அவர்களுடைய ஆப்ரிகாட் தோட்டத்துக்குள் நுழையாது. நுழைந்தால் மரம் இருக்காது. அதனால் காளைகளை விற்று, வரிசைக்கு நடுவே புகுந்து வரும்படி ஒரு சின்ன டிராக்டர் வாங்குவது என்று பேசியாகிவிட்டது. எந்த டிராக்டர் என்பதில்தான் வந்தது வினை.

கரகோல் பட்டணத்து விற்பனை முற்றத்தில் இரண்டு நின்றன. ஒன்று சிவப்பு. கூரை கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனால் மட்கார்டு அகலம், பக்கத்தில் இன்னோர் ஆள் தாராளமாக உட்காரலாம். மற்றது நீலம். அதற்குக் கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஹீட்டர், மழை துடைப்பான், கை வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் மெத்தை வைத்த ஒரே ஒரு சீட்டு. ஏரிக்காற்று எலும்பைத் தேடி வரும் எங்கள் ஊரில் அந்த சீட்டு சொர்க்கம்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகிறேன் என்று போய், சந்தையை மறந்து, அந்த நீலத்தின் கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பான் எசென். ஏக்கம் என்றால் அப்படி ஓர் ஏக்கம். வீட்டில் சாப்பாட்டு விரிப்பின் மேல் இருக்கும் வட்ட ரொட்டியை ஸ்டீயரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருப்புவான். புருலைக் கட்டுவதற்கு முன்னால்கூட அவன் இப்படி ஏங்கியதில்லை. ஏங்க நேரம் கொடுத்தால்தானே, நாள் குறித்தவளே அவள்தான்.

"ரொட்டிய வச்சுட்டு டீயக் குடிங்க," என்றாள் புருல். "வாங்குனா சிவப்புதான்."

"நீலத்துல ஹீட்டர் இருக்கு, புருல்."

"ஹீட்டரு! சூடு ஏறுனா தூங்கிருவீங்க. நீங்க தூங்குனா வண்டி நேரா ஏரிக்குள்ள போயி நிக்கும்."

"காத்து அடிக்காது."

"கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்து யாருக்குக் காட்சி குடுக்கப் போறீங்க? சிவப்புன்னா மட்கார்டுல நானும் ஏறிக்குவேன். எங்க திருப்பணும், எங்க நிறுத்தணும்னு பக்கத்துலயே இருந்து சொல்லிக்கிட்டு வருவேன்."

அவ்வளவுதான். அதுவரை எசெனுக்கு நீலத்தின் மேல் இருந்தது ஆசை. அந்த நிமிஷத்திலிருந்து அது வைராக்கியம். ஒரே சீட்டு! உலகத்தில் எந்த மகராசன் அப்படி யோசித்துச் செய்தானோ, அவன் நன்றாயிருக்க வேண்டும்.

ஆனால் புருலை எதிர்த்துப் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. அவளை ஜெயிக்க வழக்கத்தைத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டும். எங்கள் பக்கத்தில் நல்ல சேதியை முதலில் கொண்டுவருகிற ஆள் வாசலிலேயே "சுயுன்சு!" என்று கத்துவார். கேட்டவர் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டால், சேதி கொண்டுவந்தவர் என்ன கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். ஆகட்டும் என்ற வாய் அப்புறம் இல்லை என்று சொன்னால், வந்த சந்தோஷம் வீட்டில் தங்காது.

எசென் வீட்டுக்கு ஒரு நல்ல சேதி வந்துகொண்டிருந்தது. தலைநகரில் இருக்கும் மகள் ஜிபெக்குக்கு மாசம் நெருங்கிவிட்டது. தலைப்பிரசவம். எசென் கொட்டகைக்குள் போய் மாப்பிள்ளை உலனுக்குப் போன் போட்டான்.

"மாப்ள, பொறந்த ஒடனே எனக்குத்தான் மொதல்ல சொல்லணும். அத்தைக்கு மூச்சு விடக்கூடாது."

"ஏன் மாமா?"

"ஏன்னு கேக்காதீங்க. ஆம்பளைக்கு ஆம்பளை ஒரு ஒத்தாசை."

"சரி மாமா," என்றான் உலன். அவன் பொண்டாட்டியிடம் எதையும் மறைக்கத் தெரியாதவன் என்பதை எசென் யோசிக்கவில்லை. தன்னைப்போலவே ஒரு மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்திருக்கிறோம் என்று யோசிக்கிற புத்தி அந்த நேரத்தில் யாருக்கு வரும்?

அன்றிலிருந்து போனும் அவனும் ஒட்டிப் பிறந்தவர்களானார்கள். குளிக்கப் போனாலும் போன், கொல்லைக்குப் போனாலும் போன். ஆப்ரிகாட் பூத்து வெளுத்துக் கிடந்த ஒரு காலையில் அது அலறியது.

"மாமா! பொண்ணு பொறந்திருக்கு மாமா! அப்புறம்..."

அப்புறத்தை யார் கேட்டார்கள்? எசென் பேச்சைத் துண்டித்துவிட்டு ஓடினான். புருல் பால் கறந்துகொண்டிருந்தாள்.

"சுயுன்சு! புருல், சுயுன்சு!"

"ஆகட்டும்!" என்று அவள் வாளியோடு எழுந்தாள். "ஜிபெக்கா? என்ன பொறந்திருக்கு?"

"பொண்ணு!"

அவள் கண் நிறைந்துவிட்டது. கையை முகத்தில் வைத்துக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். "நம்ம பொண்ணு எப்படி இருக்கா?"

எசென் விழித்தான். "நல்லா... நல்லாத்தான் இருப்பா."

"கேக்கலையா?"

"புருல், நீ ஆகட்டும்னு சொல்லிட்ட. எனக்கு டிராக்டரு என் இஷ்டத்துக்கு வேணும். நீ வாயே தெறக்கக் கூடாது."

கூரை பறக்கும் என்று எதிர்பார்த்தான். புருல் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். "சரி. உங்க இஷ்டம். போயி வாங்கிட்டு வாங்க. இன்னிக்கே போங்க."

இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் முடிந்தால் சந்தேகப்பட வேண்டாமா? அவன் பட்டானா? காளை விற்ற பணத்தோடு, பக்கத்து வீட்டு சபாரையும் காரோடு இழுத்துக்கொண்டு கிளம்பினான். வழியில் போன் அடித்தது. புருல்தான் மனசு மாறிக் கூப்பிடுகிறாள் என்று பார்க்காமலே அமர்த்திவிட்டான்.

"யாருன்னாவது பாரேன்யா," என்றான் சபார்.

"இன்னிக்கு நான் யாரு சொல்லும் கேக்கறதா இல்ல."

முற்றத்தில் சிவப்பை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீலத்தின் கதவைத் திறந்தான். புது ரப்பர் வாசனை. சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். வெளியே சபார் ஏதோ சொன்னான், உள்ளே கேட்கவில்லை. யார் சொல்வதும் கேட்காத ஓர் இடம்! எசெனுக்கு அழுகையே வந்துவிட்டது.

தானே ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். சபாரின் கார் பின்னால் ஊர்ந்து வந்தது. மெதுவாகத்தான் வந்தான், வந்து சேர்ந்துவிடக் கூடாதே என்பதுபோல. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பனிமலை, நடுவில் எசென். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஹாரன் அடித்தான். கோழிகள் ஓடின. தான் தேர்ந்தெடுத்தது, தன்னுடையது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தான். இத்தனை வருஷம் ஏங்கியது இந்த ஒரு சவாரிக்காகத்தான் என்று அவனுக்குத் தோன்றியது.

வாசலில் புருல் நின்றிருந்தாள். நல்ல தலைத்துணி. காலில் அவன் வேலைக்குப் போடும் பூட்ஸ். வண்டி நிற்கும் முன்பே கத்தினாள்.

"சுயுன்சு!"

எசென் கதவைத் திறந்தான். "என்னது சுயுன்சு? நான்தான் காலையிலயே சொன்னேனே?"

"நீங்க சொன்னது அக்காளப் பத்தி. நான் சொல்றது தம்பியப் பத்தி."

"எந்தத் தம்பி?"

"உங்க பேத்தியோட தம்பி. அவளுக்குப் பின்னாலயே பொறந்துட்டான். ரெட்டப் புள்ளைங்க. தாயும் சேயும் சொகம். மாப்ள சொல்ல வாயெடுத்தப்ப நீங்க போன வச்சுட்டீங்களாம். அப்புறம் எத்தன தடவ கூப்பிட்டாராம்!"

எசென் வண்டியிலிருந்து குதித்தான். தொப்பி ஒரு பக்கம் போனது. ரெண்டு! பேத்தியும் பேரனும்! சபாரைக் கட்டிப் பிடித்தான், டிராக்டரைக் கட்டிப் பிடித்தான், கடைசியில் நட்டநடு வாசலில் புருலையே கட்டிப் பிடித்தான். ஊரே பார்த்தது.

"ஆகட்டும்! ஆயிரம் வாட்டி ஆகட்டும்! என்ன வேணும் கேளு! என் உசுரையே கேளு!"

"உசுரு எனக்கெதுக்கு? சாவியக் குடுங்க."

"எந்தச் சாவி?"

"இந்த வீட்டுல வேற எதுக்குச் சாவி இருக்கு? டிராக்டரக் கேக்கறேன்."

எசென் சபாரைப் பார்த்தான். சபார் செருப்பைப் பார்த்தான். "ஆயிரம் வாட்டின்னு சொன்னியேப்பா," என்றான் சன்னமாக.

"உனக்குச் சிவப்புதானே புடிக்கும்?" என்றான் எசென்.

"நான் நீலம்னு சொல்லியிருந்தா நீங்க சிவப்பக் கொண்டாந்திருப்பீங்க. நீங்க ஞாயித்துக்கிழமை போயி பாத்தீங்க. நான் வெண்ணெ விக்கப் போறப்பல்லாம் பாத்தேன். கண்ணாடியில உங்க மூக்குத் தடம் இருக்கும். அதுக்குப் பக்கத்துலதான் நானும் மூக்க வச்சுப் பாத்தேன்."

"ரெட்டப் புள்ளைன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பனி விழுந்தப்பவே ஜிபெக் சொல்லிட்டா. நீங்க மாப்ளகிட்ட ரகசியமா போன் பேசுனதையும் அவதான் சொன்னா. வயித்துப் புள்ளய எண்ணி ஆம்பளைங்ககிட்டச் சொல்ற வழக்கம் ஏது? கண்ணு பட்டுராது?"

பிறகு அவள் குரல் தணிந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடி கூட்டுப் பண்ணையில நான் டிராக்டர் ஓட்டுனது உங்களுக்குத் தெரியுமில்ல. மருமகளா வந்த அன்னிக்கு உங்கம்மா வேணாம்னாங்க. விட்டுட்டேன். மனசு விடல. ஒவ்வொரு உழவுக்கும் அந்தப் பெரிய வண்டி வேலிக்கு அந்தப் பக்கம் போறப்போ, அடுப்படியில நின்னு சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருப்பேன். கையி தன்னால கியர் போடும். எனக்கும் ஆச இருக்குங்க."

எசெனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் புருல் எதையும் அப்படி வாங்கி அவன் பார்த்ததே இல்லை.

அவள் ஏறினாள். கதவைச் சாத்தினாள். ஒரே தட்டில் வண்டியைக் கிளப்பி, ஒரே வெட்டில் தோட்டத்துப் பக்கம் திருப்பினாள். எசென் வரும்போது நாலு தடவை முன்னும் பின்னும் போய்த் திருப்பிய திருப்பம் அது. கண்ணாடிக்குள் அவள் முகம், கல்யாணத்தன்று பார்த்ததைவிடச் சின்ன வயசாக இருந்தது. எசென் அந்த முகத்தைப் பார்த்தான், அந்த சீட்டைப் பார்த்தான். எதற்கு அதிகமாக ஏங்குவது என்று அவனுக்குப் புரியவில்லை.

தோட்டத்துப் படல் முன்னால் வண்டி நின்றது. கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியது. அவன் ஆவலோடு ஓடினான்.

"என்ன புருல்?"

"படலத் தெறங்க. நான் உள்ள போனதும் மறக்காம மூடிருங்க, கன்னுக்குட்டி வெளிய வந்துரும்."