கழட்டண்ணையும் துடைக்காத திருநீறும்

ஒஸ்லோவில் இருக்கிற தமிழ்ச் சனத்தில் பாதிப்பேருடைய வெறுங்காலைப் பார்த்த ஒரே மனிதர் கழட்டண்ணைதான். மற்றப் பாதிப்பேர், அவர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் கதவைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனவர்கள்.

பிள்ளைகளே, அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். எனக்கு அது தெரியாது. எந்த வீட்டுக்குக் கொம்பியூற்றர் திருத்த வந்தாலும் அவர் வாயில் வருகிற முதல் சொல் "கழட்டு". சப்பாத்தை அல்ல, அதை இந்த நாட்டில் எல்லாரும் வாசலிலேயே கழட்டிவிடுகிறோமே. இவர் கழட்டச் சொல்வது காலுறையையும் கம்பளிச் சட்டையையும்.

காரணம் இல்லாமல் இல்லை. மாசி மாதத்து ஒஸ்லோக் காற்று பொரித்த அப்பளம் மாதிரிக் காய்ந்தது. கம்பளிச் சட்டையைத் தலைக்கு மேலால் இழுத்தால் படபடவென்று பொறி பறக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். "அந்தப் பொறி உமக்குக் கிச்சுக்கிச்சு. உந்தப் பெட்டிக்குள்ளை இருக்கிற எலெக்ட்ரோனிக் காட்டுக்கு இடி" என்பார் கழட்டண்ணை. சரி, விளங்குகிறது. ஆனால் மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக்கு இணையப் பெட்டி பார்க்க வந்த அன்று, அடுத்த அறையில் தோசை சுட்டுக்கொண்டிருந்த என் மனைவிக்கும் "தங்கச்சி, கழட்டுங்கோ" என்று கட்டளை போட்டாரே, அது எந்த விஞ்ஞானம்?

மனைவி தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள். "இஞ்சாருங்கோ, கால் மேஸைக் கழட்டியாச்சு. இவர் அடுத்ததாய் என்னத்தைக் கழட்டச் சொல்லப் போறார் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. அதுக்கு முதல் நான் வெளிக்கிடுறன்."

இதைவிடப் பெரிய அரியண்டம், அவருக்குப் பொய் சொல்ல வராது. கொஞ்சம்கூட வராது. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைவர் ஒருமுறை முக்கால் மணித்தியாலம் பேசிவிட்டு வந்து, "எப்பிடி அண்ணை என்ரை பேச்சு?" என்று கேட்டார். "முதல் ரெண்டு நிமிசம் நல்லாயிருந்தது" என்றார் கழட்டண்ணை. ஒரு பிறந்தநாள் வீட்டில் வீட்டுக்காரி ஆசையாகக் கறியைப் பற்றிக் கேட்க, "நேற்றையான் கறி எண்டு பாத்தால் பிழையில்லை" என்றார். அந்த வீட்டுக்கு நானும் இன்றுவரை போகவில்லை, அவரைக் கூட்டிக்கொண்டு போனவன் நான் என்பதால்.

ஆள் முதலில் வடக்கே, பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் நின்றவர். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து படித்துக் கொம்பியூற்றர் வேலைக்கு மாறினாராம். மீன் மட்டும் அவரை விட்டு மாறவில்லை. அவருடைய திருத்துகிற ஆயுதமெல்லாம் ஒரு நீல மீன்பெட்டிக்குள்தான் இருக்கும். "மீனிலை ஒரு முள்ளை விட்டால் முழுப்பெட்டியும் திரும்பி வரும் தம்பி" என்று சொல்லிச் சொல்லியே, ஒரு திருகாணியைக் கழட்டுவதற்குக் கால் மணித்தியாலம் எடுப்பார். நான் பஸ் ஓட்டுகிறவன். ஒரு நிமிசம் பிந்தினாலே மணிக்கூட்டைப் பத்துத்தரம் பார்ப்பேன். எங்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் விட்டவன் நல்லாயிருக்கமாட்டான்.

அந்த அறைதான் எங்கள் பள்ளிக்கூடத்துச் சேர்வர் அறை. முன்பு கூட்டுகிற தும்புத்தடி வைத்த இடம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன்; ஆனாலும் அறைக் கதவின் திறப்பு என்னிடம் இருந்ததால் சேர்வருக்குப் பொறுப்பாளர் என்று என்னையே போட்டுவிட்டார்கள். அந்தச் சேர்வருக்குள் என்ன இருந்தது தெரியுமா? எங்கள் பள்ளிக்கூடத்தில் சேருகிற ஒவ்வொரு பிள்ளையையும் முதல் நாளில் கதைக்கவிட்டுக் குரலைப் பதிந்து வைப்போம். பத்தாம் வகுப்பு முடித்துப் போகிற ஆண்டு, மாசியில் நடக்கிற பள்ளி விழாவில் அந்த முதல் நாள் குரலை எல்லாருக்கும் போட்டுக் காட்டுவோம். அந்த ஆண்டு போகிறவர்களில் என் மகள் கயல்விழியும் ஒருத்தி.

சேர்வருக்குள் நாலு டிஸ்க். அவற்றைக் கட்டி மேய்க்க ஒரு ரெயிட் காட். அது என்னவென்று கழட்டண்ணை எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நாலு பிள்ளைகள் சேர்ந்து ஒரு நீளக் கதையைப் பாடமாக்குகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு பகுதி. அதோடு, மற்றவர்கள் பகுதியை மீட்டுச் சொல்லக்கூடிய ஒரு குறிப்பும் வைத்திருப்பார்கள். ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தாலும் மற்ற மூன்று பேரும் கதையை முடித்துவிடுவார்கள். யாரிடம் எந்தப் பகுதி என்று தெரிந்த ரீச்சர்தான் அந்தக் காட். "ஆனால் பள்ளிக்கூடமே எரிஞ்சால்? அதுக்குத்தான் தம்பி எல்லாத்தையும் வேறை ஒரு டிஸ்க்கிலை கொப்பி எடுத்து வீட்டிலை வைக்க வேணும்."

புரட்டாதியில் வாணி விழா வந்தது. புத்தகத்துக்கும் மிருதங்கத்துக்கும் திருநீறு பூசிவிட்டு, சேர்வரும் கல்விதானே என்று நினைத்தேன். திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, மூன்று விரலால், வரிசையாக நின்ற நாலு டிஸ்க்கின் முகத்திலும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்வரை ஒரே இழுவையாக மூன்று கோடு போட்டேன். கழட்டண்ணை கண்டுவிட்டார்.

"மின்சாரப் பெட்டிக்குச் சாம்பல் பூசுறீரோ? நாளைக்குத் தேங்காயும் உடைப்பீரோ?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் இதே கதை. எனக்கு இரண்டு வேலை தந்தார். ஒன்று, திருநீற்றைத் துடைக்க வேண்டும். மற்றது, மாதம் ஒருமுறை கொப்பி எடுக்க வேண்டும். நான் இரண்டுக்கும் "ஓம் அண்ணை" என்றேன். அடுத்த கூட்டத்தில் கேட்டார். "ரெண்டும் செய்தாச்சு அண்ணை" என்றேன்.

பிள்ளைகளே, உங்களிடம் எதற்கு மறைப்பான்? இரண்டும் செய்யவில்லை.

மாசியில், அந்தப் பள்ளி விழாவுக்கு இரண்டு நாள் இருக்க, சேர்வர் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. கழட்டண்ணை வந்து பார்த்துவிட்டு, "காட் செத்துப்போச்சு" என்றார், செத்தவீட்டில் சொல்கிற மாதிரி. அதே இனத்துப் பழைய காட் ஒன்று பக்கத்து நகரமான திராமனில் ஒரு கந்தோரில் சும்மா கிடக்கிறதென்று விசாரித்து, ரெயினில் போய், வெள்ளிநிறப் பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தார். விழா ஞாயிறு. அவர் வேலை தொடங்கியது சனி பத்து மணிக்கு.

"கழட்டும்."

கழட்டினேன். வெளியே பனி கொட்டுகிறது, நான் பனியனோடும் வெறுங்காலோடும் நிற்கிறேன். சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தார்: சேர்வர் அறைக்குள் சாப்பாடு, தண்ணீர், கம்பளி, திருநீறு கூடாது. மின்கம்பியை இழுத்து எடுத்தார். மிச்ச மின்சாரம் இறங்கட்டும் என்று சேர்வரைப் போடுகிற ஆளியை அமத்திப் பிடித்துக்கொண்டு இருபதுவரை எண்ணினார். என்னையும் எண்ணச் சொன்னார். உடம்பில் சேருகிற மின்சாரம் போகட்டும் என்று மணிக்கட்டில் ஒரு பட்டியைக் கட்டி அதன் கம்பியைச் சேர்வரின் இரும்பில் கொழுவினார்.

"தம்பி, கொப்பி எடுத்து வைச்சனீர்தானே?"

"ஓம் அண்ணை."

"அப்ப பயமில்லை" என்று சொல்லி முன்மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். எலும்பு மாதிரிக் காய்ந்துபோய், மூன்று வெள்ளைக் கோடும் அவரைப் பார்த்துச் சிரித்தது.

"துடைச்சனான் எண்டெல்லோ சொன்னனீர்?"

 அவர் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பக் கோட்டைப் பார்த்தார்.

"அப்ப கொப்பி?"

நான் என் கால்விரல்களைப் பார்த்தேன். பத்தும் இருந்தது.

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "ம்" என்றார். போய்க் கையை இன்னொருமுறை கழுவிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் வேலை செய்த வேகத்துக்கு, ஒரு நத்தை முந்திக்கொண்டு போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கும்.

நாலு டிஸ்க்கையும் ஒவ்வொன்றாக இழுத்து, மேசையில் விரித்த துவாயில் குழந்தைப்பிள்ளையைக் கிடத்துகிற மாதிரிக் கிடத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று கடதாசித் துண்டில் எழுதி ஒவ்வொன்றின் மேலும் வைத்தார்.

"ஒட்டினால் என்ன அண்ணை?"

"பசை படக்கூடாது."

பழைய காட்டின் திருகாணியைக் கழட்டி, இரண்டு தடித்த கேபிளையும் பூட்டு அமத்தி எடுத்து, எந்தக் கேபிள் எந்த வாயில் என்று படமும் கீறினார். கைப்பேசியில் ஒரு போட்டோ எடுத்தால் முடிகிற வேலை. கேட்டேன். "கீறினால்தான் மண்டைக்குள்ளை நிக்கும்" என்றார். புதுக் காட்டை ஓரத்தில் பிடித்து, குழிக்கு நேராக வைத்து, இரண்டு பெருவிரலாலும் ஒரே அளவாக அமத்தினார். டக். அந்தச் சத்தத்துக்காக நான் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். திருகாணி. முதல் கேபிள் முதல் வாய்க்கு, இரண்டாவது இரண்டாவதுக்கு. இனி டிஸ்க்கை வைக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் தலைவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் மூன்று தேத்தண்ணியோடு ஒரு தட்டு. முழங்கையில் இறைச்சி ரோல்ஸ் பெட்டி தொங்குகிறது. உடம்பில் விழாவுக்கென்று வாங்கிய புத்தம்புதுக் கம்பளிச் சட்டை.

"கழட்டுங்கோ!" என்று கத்தினார் கழட்டண்ணை.

தலைவர் பழகின மனிதர். ரோல்ஸ் பெட்டியைக் கதிரையில் வைத்து, தட்டை மேசை ஓரத்தில் வைத்து, அங்கேயே நின்றபடி சட்டையைத் தலைக்கு மேலால் இழுத்தார். படபடவென்று பொறி. சட்டை மேசைக்கு மேலே ஒரு வீச்சு வீசியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு கடதாசித் துண்டும் துள்ளி எழும்பிப் போய்ச் சட்டையில் ஒட்டிக்கொண்டன. தலைவரின் முழங்கை தட்டில் பட்டது. தேத்தண்ணி டிஸ்க்குகளை நோக்கி ஓடியது.

"தூக்கு! தூக்கு!"

நான் ஒன்றைத் தூக்கினேன். தலைவர் ஒன்றைத் தூக்கினார். கழட்டண்ணை கையில் கட்டியிருந்த பட்டி அறுந்து பறக்க, இரண்டைத் தூக்கினார். ஒரு துளியும் படவில்லை. மூன்று பேரும் அறையின் மூன்று மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம்.

"தப்பிச்சுது" என்றார் தலைவர்.

"எது முதலாவது?" என்றார் கழட்டண்ணை.

ஒருவருக்கும் தெரியவில்லை. நாலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி.

"இப்ப வாற காட்டுகள் டிஸ்க்கை எந்தக் குழிக்குள்ளை வைச்சாலும் அடையாளம் பிடிச்சிடும் எண்டு சொல்லுவினம்" என்றார், மெதுவாக. "இது கிழவன் காட். பிழையாய் வைச்சுச் சோதிச்சுப் பாக்க எனக்குத் துணிவில்லை." கையிலிருந்த இரண்டு டிஸ்க்கையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். கொப்பி இல்லை என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் கையிலிருந்த டிஸ்க்கைத் திருப்பினேன். அதன் முகத்தில் மூன்று வெள்ளைக் கோடு, தடிப்பாக, மேலே தொடங்கி வலப்பக்கம் கொஞ்சம் சரிந்து.

"அண்ணை... திருநீறு."

"இப்ப கும்பிடுற நேரமோ?"

"இல்லை அண்ணை. நான் ஒரே இழுவையிலை பூசினனான். எல்லாத்தையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ."

கண்ணாடியைப் போட்டார். நாலையும் புதுத் துவாயில் வைத்தார். தடித்த கோடு முதலாவது. அது முடிந்த உயரத்தில் தொடங்குகிறது இரண்டாவது. அங்கிருந்து மூன்றாவது. விரல் காய்ந்து தேய்ந்துபோன இடம் நாலாவது. சந்துபொந்தில்லாமல் பொருந்தியது. மின்சூள் வெளிச்சம் அடித்து மூன்று தரம் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னது இவ்வளவுதான்: "கோணலாய்த்தான் பூசியிருக்கிறீர்."

டிஸ்க்குகள் குழிக்குள் போயின. சேர்வரைப் போட்டோம். திரையில் புதுக் காட் கேட்டது: டிஸ்க்கில் பழைய ஒழுங்கு ஒன்று கிடக்கிறது, எடுத்துக்கொள்ளவா, அழிக்கவா?

"வாசியும். நீர் எதை அமத்தப் போறீர்?"

"எடுத்துக்கொள்."

"மற்றதை அமத்தினால்?"

"எல்லாம் அழியும்."

"விரலைக் காட்டும்." காட்டினேன். "சரி, அமத்தும்."

அமத்தினேன். சேர்வர் உறுமியது, யோசித்தது, பிறகு திறந்தது. கயல்விழியின் பேரைத் தேடித் தட்டினேன். சின்னக் கீச்சுக்குரல் ஒன்று அறைக்குள் வந்தது.

"என்ரை பேர் கயல்விழி. எனக்கு நாலு வயசு. நான் மோர்டென்ஸ்ருட்டிலை இருக்கிறன். ரீச்சர், எனக்கு ஒண்டுக்கு வருது."

தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று பின்னேரம் இதை மகளுக்குச் சொன்னபோது, "அப்பா, அதைப் போட்டால் நான் மேடைக்கு வரவே மாட்டன்" என்றாள். போட்டோம். வந்தாள்.

தலைவர் சிரித்து முடித்துவிட்டு, கழட்டண்ணையின் பக்கம் திரும்பினார். "என்னத்துக்கு அண்ணை இவ்வளவு பதட்டம்? இதுக்கெல்லாம் தம்பி கொப்பி எடுத்து வைச்சிருக்கிறார்தானே?"

 கேட்டது யாரிடம்? வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லாத மனிதரிடம். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கதிரையில் இருந்த பெட்டியைத் திறந்து, ஒரு முழு ரோல்ஸை எடுத்து, தான் எழுதி ஒட்டிய கடதாசிக்கு நேர் கீழே நின்றுகொண்டு, அப்படியே வாய்க்குள் திணித்தார். மென்றார். தலைவர் பதிலுக்குப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இன்னொரு ரோல்ஸை எடுத்தார். கடைசியில் தலைவர், "பாவம், காலமையிலையிருந்து பசியாக்கும்" என்று சொல்லித் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

கழட்டண்ணை விழுங்கினார். நிலத்தில் விழுந்த துகளையெல்லாம் குனிந்து பொறுக்கினார்.

"தம்பி."

"சொல்லுங்கோ அண்ணை."

"கொப்பி."

அன்றைக்கே எடுத்தேன். இப்போது அவர் திராமனுக்குக் குடிபோய்விட்டார். அங்கேயுள்ள சனத்தையும் கழட்ட வைக்கிறாராம், முறைப்பாடு வருகிறது. நான் ஒவ்வொரு மாதமும் கொப்பி எடுக்க அந்த அறைக்குத் தனியாகப் போகிறேன். கேட்க ஒருவரும் இல்லை. ஆனாலும் வாசலில் நின்று காலுறையைக் கழட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.