ஷௌகியின் போல்ட்டும் மாமியின் கையும்

அந்த போல்ட்டை அங்கே கொண்டுபோய் வைத்தவன் நல்லா இருப்பானா? ஷூப்ரா பேட்டைத் தெருவோரத்தில், தன் பழைய காரின் பானட்டுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு ஷௌகி கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டான். கீழ் போல்ட் சமர்த்தாக இறுகிவிட்டது. மேல் போல்ட் மட்டும் இன்ஜினுக்கும் பின்தகட்டுக்கும் நடுவில் போய் ஒளிந்துகொண்டது. கழற்றும்போது எப்படியோ வந்து தொலைத்தது. இப்போது இறுக மாட்டேன் என்கிறது. விரல் போனால் ஸ்பானர் போகவில்லை. ஸ்பானர் போனால் விரல் போகவில்லை. முட்டியெல்லாம் தோல் உரிந்து எரிந்தது. இதை வரைந்த இன்ஜினியருக்குக் கையே கிடையாதா, அவன் வீட்டு வண்டி கெட்டே போகாதா என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டினான்.

மேலே பால்கனியில் அவன் மனைவி ராவியா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் நோன்பு தொடங்குகிறது, நாளைக்கு மன்ஸூரா போய் அம்மாவைக் கூட்டிவர வேண்டும், வண்டி தயாராகிவிடுமா என்று கேட்டாள்.

ஷௌகியின் கை பானட்டுக்குள் அப்படியே நின்றது. வருஷா வருஷம் நடக்கிற அநியாயம் இது. நோன்பு திறந்ததும் மனுஷன் சோபாவில் காலை நீட்ட முடியாது, அங்கே மாமியார் ஹாஜா தவ்ஹீதா உட்கார்ந்திருப்பாள். அவள் பார்க்கிற தொடரைத்தான் வீடே பார்க்கணும். இவன் தட்டில் எத்தனை கதாயிஃப் பலகாரம் போகிறதென்று எண்ணிக்கொண்டே பார்ப்பாள். ஒரு மாதம் முழுக்க. சொந்த வீட்டில்.

அந்தக் கணத்தில் ஷௌகிக்கு போல்ட் மேல் இருந்த கோபமெல்லாம் பறந்துவிட்டது. இறுகாமலே இரு கண்ணே என்று மனசுக்குள் கொஞ்சினான்.

வெளியே மட்டும் இன்னும் சத்தமாகத் திட்டினான். மனுஷக் கை நுழையாத இடம், இந்த நோன்புக்கு வண்டி அசையாது என்றான். மூலைக்கடை மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்றாள் ராவியா. தன் வண்டியில் எந்த மெக்கானிக் கையும் படக்கூடாது என்று கத்தினான். கடைசித் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு அவள் நிதானமாகச் சொன்னாள்.

"வேணும்னேதான் பண்றீங்க, ஹனான் அப்பா. எங்கம்மா வரக் கூடாது, அவ்வளவுதானே?"

பொய்யன் என்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பான். உண்மையைச் சொல்லிவிட்டாள், அதில்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எம்மேல தலாக் சத்தியம்! இந்த போல்ட் இறுகட்டும். இறுகின நிமிஷமே இதே வண்டியில மன்ஸூரா போயி, உங்கம்மாவ அவங்க வீட்டு வாசப்படியிலேருந்து நானே ஏத்திட்டு வரேன்."

சொன்னபடி செய்யாவிட்டால் பெண்டாட்டி போய்விடுவாள், அப்பேர்ப்பட்ட சத்தியம். அந்தத் தெரு ஆம்பிளைகள் தக்காளி வாங்கும்போதே அதைப் போடுவார்கள், அது வேறு விஷயம். ஆனால் முதல் மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்த உஸ்தாத் லபீப் கிளாஸைக் கீழே வைத்தார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். "கேட்டுட்டேன் ஷௌகி" என்றார்.

ராவியா உள்ளே போய் டெலிபோனை எடுத்தாள். அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு ஷௌகி வந்தால், வண்டியின் பானட் திறந்து கிடக்கிறது. முன்னால் ஒரு பழப்பெட்டி. பெட்டிமேல் கறுப்பு உடையில் ஒரு சின்ன உருவம், முழங்கைவரை சட்டைக்கையைச் சுருட்டி, கையை இன்ஜினுக்குள் விட்டு, முகத்தை வானத்துக்குத் திருப்பி நிற்கிறது. காலை ரயிலில் வந்து இறங்கிவிட்டாள் ஹாஜா தவ்ஹீதா.

"பேசாதீங்க மாப்பிள்ள, போல்ட் தலை கைக்கு அகப்பட்டுடுச்சு" என்றாள்.

சமையலுக்கு அறுத்த புறாவுக்குள் கோதுமை திணிக்கிற கை அது. தோல் கிழியாமல், கண் பார்க்காமல், விரலாலேயே எலும்பை எண்ணுகிற கை. குழந்தைக் கை மாதிரி சின்னது. ஸ்பானரைக் கால்திருப்பு, கால்திருப்பாகத் தள்ளி, கடைசியில் ஒரு முக்கு முக்கி இறுக்கிவிட்டுக் கையை வெளியே எடுத்தாள். ராவியா போய் சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் வண்டி உறுமியது. இவன் வாங்கிப் போட்ட வண்டி, இவன் துடைத்த மோட்டார், அதற்கும் நன்றி இல்லை.

சரி, அலைச்சலாவது மிச்சம் என்று மாமியாரின் கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறப் போனான். ராவியா மறித்தாள்.

"மன்ஸூரா யாரு போறது?"

"அம்மாதான் இங்க இருக்காங்களே!"

"வாசப்படியிலேருந்து ஏத்திட்டு வரேன்னு தலாக் போட்டீங்க. நான் இன்னும் உங்க பொண்டாட்டியா, இல்லையா?"

ஷௌகி நியாயம் கேட்டு முதல் மாடியைப் பார்த்தான். உஸ்தாத் லபீப் தொண்டையைச் செருமினார். அம்மா வந்தது அவங்க இஷ்டம், நீ சொன்னது அப்படியே நிக்குது, கொண்டுபோய் வாசலில் இறக்கித் திரும்ப ஏற்றிக்கொண்டு வா என்று தீர்ப்புச் சொன்னார். இங்கே இருக்கிறவளை அங்கே கொண்டுபோய், அங்கிருந்து இங்கேயே கொண்டுவருவதா, இது எந்த ஊர் நியாயம் என்று ஷௌகி குதித்தான். யாரும் காதில் வாங்கவில்லை. மாமியார் ஏற்கெனவே முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தியிருந்தாள்.

"ரொம்ப நல்லதாப் போச்சு மாப்பிள்ள" என்றாள், கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே. "முட்டி வலியால ரயில் ஏற முடியலன்னு என் தங்கச்சி அங்க அழுதுட்டு நின்னா. வரும்போது அவளையும் கூட்டிட்டு வந்துடலாம், நோன்பு முழுக்க எனக்கும் பேச்சுத்துணையாச்சு."