ஏழு இருபது வயர்

1988 ஜூன் 12. இன்று ஒரு பிழை செய்தேன். அத்தை வீட்டில் மெயினிலிருந்து அடுப்படி வரை தரையில் டேப்பை ஓடவிட்டு அளந்தேன். வயர் சுவரில் ஏறி இறங்கும் தூரத்தைச் சேர்க்கவில்லை. வயர் பத்தவில்லை.

டைரியை மூடிய லாரன்ஸ் மறுபடியும் திறந்து, ‘பிழை’ என்ற சொல்லின் கீழே ஒரு கோடு போட்டான்.

பகலில் அருப்புக்கோட்டையில் மோட்டார் சுற்றும் கடை, சாயங்காலம் வயர்மேன் வகுப்பு, பிறகு திருச்சுழி வீட்டுக்கு பஸ். அவனை நம்பி முதன்முதலாக ஒரு வீட்டைக் கொடுத்தது பாளையம்பட்டி அத்தை சூசையம்மாள்தான். வேலை பிசகில்லாமல் முடிந்ததும் மாமாவிடம் அவர் மகள் ஈவாவைப் பெண் கேட்டுவிடுவது என்று இருந்தான். ஒரு வயரைச் சரியாக அளக்கத் தெரியாதவன் எந்த முகத்தோடு பெண் கேட்பது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது நடுவீட்டில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி நின்றது.

“என்ன அத்தை இது?”

“ஃபிரிட்ஜுடா. இதுக்கு வயரு தாங்குமா?”

லாரன்ஸ் வாட்டை வோல்ட்டால் வகுத்தான். தூரத்துக்குக் கொஞ்சம் கூட்டினான். பயத்துக்குக் கொஞ்சம் கூட்டினான்.

“மூணு இருபது வயரு போடணும் அத்தை. எங்க வைப்பீக?”

“வைக்கிற எடத்துல வைப்போம். தாங்குமா, அதச் சொல்லு.”

போட்டதை உருவிவிட்டுத் தடித்த வயரைப் போட்டான். அதற்கடுத்த வாரம் கிரைண்டர் வந்தது. கூடவே இஸ்திரிப்பெட்டி. இரண்டும் பெட்டி பிரிக்கப்படாமல் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன.

“எல்லாத்தையும் ஒரே நேரத்துல போடுவீகளா அத்தை?”

“போட்டா என்ன செய்வே?”

இந்தக் கேள்விக்கு வகுப்பில் பதில் சொல்லித் தந்திருந்தார்கள். ஏழு இருபது போட வேண்டும். ஏழு இழை. அது குழாய்க்குள் நுழைய மறுத்தது. பெரிய குழாய் வாங்கினான். பெரிய குழாய்க்குச் சுவரில் பெரிய பள்ளம் வேண்டியிருந்தது. உளியை நாலு தட்டுத் தட்டியதும் காரை பெயர்ந்து, அடுப்படியில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பில் விழுந்தது.

மாமா செல்வதுரை தட்டை நகர்த்தி வைத்தார்.

“மாப்பிள்ளே, வீட்டுக்கு வயரிங் பண்றியா, வயரிங்குக்கு வீடு கட்டுறியா?”

“பாதுகாப்புக்குத்தான் மாமா.”

“எங்களுக்கு ஒங்கிட்ட இருந்துல்லப்பா பாதுகாப்பு வேணும்.”

ஈவா அறுந்த துண்டு ஒன்றை எடுத்து விரலில் வளைத்துப் பார்த்தாள். அது வளையவில்லை.

“அத்தான், ஒங்க வீட்ல என்ன வயரு?”

“ஒத்தை பல்புதான. ஒன்னு பதினெட்டு. இருக்கிறதுலயே ஒல்லி. அதுவே எங்களுக்கு அதிகம்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தன் கணக்கில் எங்கோ தப்பு இருப்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று லாரன்ஸ் அன்றிரவு முழுக்கக் கூட்டிக் கூட்டிப் பார்த்தான். விடை ஒவ்வொரு முறையும் சரியாகவே வந்தது. அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

ஏழு இருபதைப் பழைய மெயின் சுவிட்சு ஏற்கவில்லை. அதையும் மாற்றினான். ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது. பழுப்பு நிறப் பெட்டிகள் மட்டும் அசையாமல் அப்படியே இருந்தன.

லாரன்ஸ் கையைக் கழுவிக்கொண்டு மாமாவின் முன்னால் போய் நின்றான்.

“மாமா, ஒரு விசயம் கேக்கணும்.”

“இனிமே இடிக்கிறதுக்குச் சுவரு இல்லப்பா.”

“அது இல்ல மாமா…”

அதற்குள் வாசலில் ஆள் வந்தது. வாடகை வண்டி ஆண்டிச்சாமி. நேராகப் பெட்டிகளிடம் போய்ச் சாண் போட்டு அளக்க ஆரம்பித்தார். மாமா அவருக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்து போனார்.

“என்னண்ணே அளக்கிறீக?” என்றான் லாரன்ஸ்.

“சின்ன வண்டி போதுமா, பெரிசு வேணுமான்னு பாக்குறேன் தம்பி. எல்லாம் பொண்ணுக்குச் சீர்ச் சாமான். திருச்சுழியில லாரன்ஸ்னு மாப்பிள்ளையாம், அவுக வீட்ல எறக்கணும். அந்தச் சந்துக்குள்ள வண்டி போகுமா, ஒங்களுக்குத் தெரியுமா?”

1988 ஜூலை 31. நாளைய வேலை: எங்கள் வீட்டில் மெயினிலிருந்து அடுப்படி வரை அளப்பது. சுவரில் ஏறி இறங்கும் தூரத்தையும் சேர்க்க வேண்டும்.