ஆயுள் குத்தகைக்கு எடுத்த கட்டில்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
திங்கட்கிழமை

கூமாப்பட்டியில் இருக்கும் மாப்பிள்ளை, ஓய்வுபெற்ற ஏட்டு தங்கப்பாண்டியன் அவர்களுக்கு, உங்கள் அக்காவைக் கட்டிய சீனிச்சாமி எழுதுவது. அங்கே எல்லாரும் சுகமாயிருக்க ஆண்டாள் துணையிருக்கட்டும். இங்கே நான் பூரண சுகம். பிரச்சினையே அதுதான். போனில் சொல்ல வெட்கமாக இருப்பதால் கடிதம்.

வீட்டை மகன் கௌதம்ராஜ் பேருக்கு எழுதி வைத்தபோது, "மச்சான், கையெழுத்துப் போட்ட கை நாளைக்குக் கஞ்சிக்கு ஏந்தும்" என்றீர்கள். போலீஸ்காரர் வாய், பலித்துவிட்டது. போன சித்திரையில் சென்னையிலிருந்து வந்தவன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்று, "அம்மா எங்ககூட வரட்டும்ப்பா. ஒங்களுக்கு அடுக்குமாடி சரிப்படாது, மூச்சு முட்டும்" என்றான். உங்கள் அக்கா வெங்கடேஸ்வரிக்கு மட்டும் முட்டாதாம். மாங்காயைத் தரம் பிரிக்கிற மாதிரி எங்களைப் பிரித்தான்: பெருவெட்டுக் காய் மெட்ராஸுக்கு, வெம்பல் உள்ளூருக்கு. நாங்கள் இருந்த அந்த ராஜபாளையத்து வீட்டை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தையும் அவனே வாங்கிக்கொள்கிறான்.

சரி, எவன் தயவும் வேண்டாம், கையில் இருக்கிறதை வைத்து நம் கடைசிக்காலத்தை நாமே விலை பேசுவோம் என்று இந்த முதியோர் இல்லத்துக்கு வந்தேன். மாதாமாதமும் கட்டலாம், ஆயுளுக்கும் சேர்த்து ஒரே தொகையாகவும் கட்டலாம் என்றார்கள். ஆயுள் குத்தகை! நமக்குப் பழகின வியாபாரம்தானே. மாந்தோப்பைப் பூவிலேயே விலை பேசி எடுத்து மேலே வந்தவன் நான். தோப்பு எடுக்கப் போகிறவன் மரத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. பூ கொத்துக் கொத்தாக நின்றாலும், தத்துப்பூச்சி விழுந்திருக்கே, கோடைக்காற்றுக்கு நிற்காதே என்று முகத்தைச் சுளித்தால்தான் விலை இறங்கும். இங்கே சரக்கு நான். சீக்கிரம் போகிற ஆள் என்றால் தொகை இறங்கும். அதனால் என்னைக் குறைத்துச் சொன்னேன்.

இல்லத்தை நடத்துகிற ஜெபதுரை, "அண்ணாச்சிக்கு ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்றார்.

"என்ன செய்யலைன்னு கேளுங்க. சுகரு, பிரஷரு, நெஞ்சுல படபடப்பு. எங்க அய்யாவே அம்பத்தஞ்சுல போயிட்டாரு" என்று இருமினேன். எங்கள் அய்யா தொண்ணூறு வயதில் மரமேறிக் காய் பறித்தது உங்களுக்குத் தெரியும். ஜெபதுரை என்னை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்துவிட்டுத் தொகையைப் பாதியாக இறக்கினார். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

சாயங்காலமே என்னைப் படுக்கை நோயாளிகள் அறையில் கம்பி வைத்த கட்டிலில் கிடத்தி டயப்பரைக் கட்டிவிட்டார்கள். மூன்று வேளையும் உப்புக் குறைந்த கஞ்சி. எழுந்தால் மாரிக்கனி என்கிற பணிப்பெண், "ஏ தாத்தா, சும்மா கெடங்க, விழுந்து தொலைச்சிட்டா யாரு பதில் சொல்றது?" என்று அமுக்குகிறாள். கால் மரத்துப் போகாமலிருக்கக் கக்கூஸில் தாழ்ப்பாள் போட்டு நடந்தேன். வெளியே வர நேரமாகிறதே, மலச்சிக்கல்தான் என்று விளக்கெண்ணெய் புகட்டினாள். அதன் பிறகு நிஜமாகவே எழ முடியவில்லை. யாரோ பிறந்தநாளுக்குப் பால்கோவா கொடுத்தார்கள். சுகர் கட்டில் என்று என்னைத் தாண்டிப் போனார்கள். மாப்பிள்ளை, எனக்குச் சுகரே கிடையாது!

பொறுக்க மாட்டாமல் நேற்று ஜெபதுரையிடம், "யோவ், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

மனுஷன் சிரித்தார். "அது மொத நாளே தெரியும் அண்ணாச்சி. ஆட்டோக்காரன்கூட பத்து ரூவாக்கு மல்லுக்கு நின்னு, பெட்டிய நீங்களே தூக்கிட்டு வந்தீக. வாசக் கேட்டத் தாண்டின பொறவுதான் இருமலே வந்துச்சு. கஞ்சி குடிக்கவருக்குச் செலவு கம்மி. அதான் கொறச்சேன். எந்திரிச்சு நடக்கணும்னா மீதியக் கட்டுங்க."

கட்டின பணம் திரும்ப வராதாம். இருக்கட்டும், போனது போகட்டும். இனி ஒரு பைசா இங்கே கொடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் காரோடு வந்து என்னை மீட்டுக்கொண்டு போங்கள். உங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தால் போதும், காரமாக ஒரு குழம்பும் கண்ணில் காட்டினால் கோடி புண்ணியம்.

வீட்டில் எல்லாருக்கும் என் ஆசிகள். உங்கள் மகன் வல்லரசு தீர்க்காயுசாக இருக்கட்டும். அவன் பேருக்கு எதையும் எழுதி வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சீனிச்சாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது உங்கள் அக்கா போன் பண்ணினாள். "கஞ்சிதானா ஊத்துதாக?" என்றாள். ஆமாம் என்றேன். "இங்க சோறு கறியெல்லாம் இருக்கு. ஆளுக்கொரு ரூம்புல கதவச் சாத்திக்கிடுதாக. பேச்சுத்தொணைக்கு நாதியில்ல" என்றாள். பொறவு, "ஒங்க பக்கத்துக் கட்டிலு காலியா இருக்கா?" என்றாள்.

ஆகவே என்னை மீட்க வர வேண்டாம். சென்னைக்குப் போய் அவளை இங்கே கூட்டி வாருங்கள். என் சம்சாரத்துக்கு உடம்பு என்னைவிட மோசம் என்று ஜெபதுரையிடம் பேச்சை ஆரம்பித்திருக்கிறேன். ரயிலடியிலேயே இருமத் தொடங்கச் சொல்லுங்கள். பெட்டியை நீங்கள் தூக்குங்கள். முக்கியமாக, ஆட்டோக்காரர் கேட்டதைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.